பொத்தான் மாறின சட்டை

அழகான கட்டடத்தைப் பற்றி நாலு வரிக்கு மேல் யாராலும் பேச முடியாது. அசிங்கமான கட்டடம் என்றால் பொழுது போவதே தெரியாது. இதைக் கண்டுபிடித்த புண்ணியம் அந்த நகரத்துப் பத்திரிகை ஒன்றைச் சேரும். ஆறு வருடமாக அது ‘கண்ணுறுத்தல் விருது’ என்று ஒன்றைக் கொடுத்து வந்தது. பத்து மாடிக்கு மேல் உள்ள கட்டடங்களில் எது பார்க்கச் சகிக்கவில்லை என்று வாசகர்கள் எழுதிப் போடுவார்கள். மூன்று நடுவர்கள் உட்கார்ந்து ஒன்றைப் பொறுக்குவார்கள். கருங்கல் பலகை ஒன்றில் அதன் லட்சணத்தை ஒரே வரியில் செதுக்கி, விழாவும் வைப்பார்கள். விருதை வாங்கிக்கொள்ள இதுவரை ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை. வக்கீல் நோட்டீஸ் மட்டும் தவறாமல் வரும்.

ஏழாவது வருடம் மேடத்தை நடுவராகக் கூப்பிட்டார்கள். மேடம் கட்டடம் வரைபவள். அவள் வரைந்ததில் ஒரு ஜன்னல்கூட ஒரு விரற்கடை தள்ளி நிற்காது என்று பேச்சு. ‘சொன்னார், சிரித்தார்’ என்று மரியாதையாகவே நான் எழுதலாம்தான். ஆனால் கதை முடிவதற்குள் அது எப்படியும் கழன்றுவிடும். அதனால் இப்போதே கழற்றி வைத்துவிடுகிறேன்.

பத்திரிகை அலுவலகத்தின் கூட்ட அறையில் நீள மேசை. ஏசி சொட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. மேசையில் புகைப்படங்கள். கூட இருந்த நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓவியர், எதைப் பார்த்தாலும் தொடையில் தட்டிச் சிரிக்கிற மனிதர். இன்னொருவர் விருதைத் தொடங்கிவைத்த பத்திரிகைக்காரர். யார் எது சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

முதல் படம், வெயிலைத் திருப்பி எதிர்வீட்டுக்காரர் கண்ணில் அடிக்கிற கண்ணாடிக் கோபுரம். “சோப்பு டப்பா,” என்றாள் மேடம். இரண்டாவது, உச்சியில் வட்டமாக எதையோ கவிழ்த்த மாதிரி ஒரு ஹோட்டல். “தலைவலிக்குத் துண்டு கட்டியிருக்கு. பாவம், விட்டுடலாம்,” என்றாள். ஓவியர் தொடையில் தட்டிக்கொண்டார். மேடத்துக்கும் குஷி ஏறிவிட்டது. அடுத்தவர் கட்டியதைக் குறை சொல்வதில் இருக்கிற சுகம் சொந்தமாகக் கட்டுவதில்கூட இல்லை.

மூன்றாவது படத்தைப் பத்திரிகைக்காரர் மேசையில் நகர்த்திவிட்டார்.

இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு. பதிமூன்றாவது மாடி வரை பால்கனிகள் ஜன்னலுக்கு இடது பக்கம். பதினாலாவது மாடியிலிருந்து உச்சி வரை வலது பக்கம். உச்சியிலிருந்து நேராக இறங்கி வந்த மழைத்தண்ணீர்க் குழாய் அந்த இடத்தில் திடுக்கிட்டு நின்று, சுவர் மேலேயே குறுக்கே நடந்து, மறுபடி இறங்கியது. குழாய் வளைந்த இடமெல்லாம் கறுத்த ஈரம். பதிமூன்றாவது மாடி பால்கனிகளுக்கு மட்டும் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே குடியிருப்பவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

“இதுக்கு ஊர்ல என்ன பேர் தெரியுமா?” என்றார் பத்திரிகைக்காரர். “பொத்தான் மாறின சட்டை.”

மேடத்துக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்துப் போட நீண்ட கையை அவள் இழுத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தச் சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போட்டவளே அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ரப்பர் சார் அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். கையில் எப்போதும் அழிரப்பரோடு மேசை மேசையாக வந்து, எல்லோர் வரைந்ததையும் அழித்துவிட்டுப் போவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பதினாலு பேர் வேலை பார்த்த பெரிய அலுவலகம். அந்தக் காலத்தில் வரைவதெல்லாம் டிரேசிங் தாளில். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிற தாள். எந்தப் பக்கம் வைத்தாலும் கோடு அதே தெளிவாகத் தெரியும், இடமும் வலமும் மட்டும் மாறிவிடும். கீழே பதிமூன்று மாடிகளுக்கு ஒரு தாள். மேலே ஒன்பது மாடிகளுக்கு அதைப் பார்த்து நகலெடுத்துச் சில அறைகளைச் சின்னதாக்க வேண்டும். அதை அவளிடம் கொடுத்தார்கள். அவள் கீழ்த்தாளைத் திருப்பிப் போட்டு நகலெடுத்துவிட்டாள். எழுத்துகளை மட்டும் நேராக எழுதிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. லிஃப்ட்டும் படிக்கட்டும் தூண்களும் நட்டநடுவில் சமமாக இருந்ததால் கட்டுகிற இடத்திலும் எல்லாம் பொருந்திவிட்டது. பால்கனிதான் பொருந்தவில்லை.

ஏன் திருப்பிப் போட்டாள்? காய்ச்சலா, கவலையா? ஒரு மண்ணும் இல்லை. பக்கத்து மேசைக்காரியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

பதினைந்தாவது மாடி எழும்பிய பிறகுதான் மேஸ்திரி ஓடி வந்தார். “சார், மேல பால்கனி அந்தப் பக்கமா போகுதே?” ரப்பர் சார் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் போன போக்கை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அன்று மத்தியானமே கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து குதித்தார். “வேணும்னுதான் வெச்சேன்,” என்றார் ரப்பர் சார். “மேல போகப் போகக் காத்து திசை மாறும். பால்கனியும் மாறணும்.” காற்றுக்கே இந்தச் செய்தி தெரியாது. இருந்தாலும் சொந்தக்காரர் அடங்கிவிட்டார். இடித்துக் கட்ட நேரமும் இல்லை. ரப்பர் சார் அவளைக் கூப்பிட்டு, “வேலைய பாரும்மா,” என்றதோடு சரி. தாளின் மூலையில் அவர் கையெழுத்துதான் இருந்தது. பழியும் அவர் பெயருக்கே போனது.

பழி சும்மா போகவில்லை. ஊர் சிரித்தது. அடுத்து வரவேண்டிய பெரிய மருத்துவமனை வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. பதினாலு பேர் ஆறு பேராகி, மூன்று பேராகி, கடைசியில் அவர் மட்டும் கார் நிறுத்தும் கொட்டகையும் மதில் சுவரும் வரைந்துகொண்டிருந்தார். அவள் இரண்டாம் வருடமே வேறு இடம் போய்விட்டாள். பிறகு சொந்த அலுவலகம், பிறகு பேர், பிறகு மேடம்.

இப்போது மூன்றாவது படத்துக்கு முன்னால் மற்ற இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இதுல நான் இருக்க முடியாது, நான் அந்த ஆபீஸ்ல இருந்தவ,” என்று சொல்லி எழுந்திருக்கலாம். தலைவலி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அதுவாகவே முந்திக்கொண்டு பேசும்.

“இதை வரைஞ்சவருக்கு இடது கை எது, வலது கை எதுன்னு சின்ன வயசுலயே யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்,” என்றாள் மேடம்.

ஓவியர் தொடையை விட்டு மேசையைத் தட்டினார். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். “இதுக்கு மேல விவாதமே வேணாம். இந்த வரியேதான் கல்லுல.”

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அது கொட்டை எழுத்தில் வந்தது. யார் சொன்னது என்று போடவில்லை. ‘நடுவர் குழு’ என்றுதான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் அதை உரக்கப் படித்தார். “இது உன் வேலைதானே? நாக்குல கத்தி வெச்சிருக்கடி நீ!” என்று பெருமையாகச் சிரித்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர். அவரிடம்கூட அவள் சொன்னதில்லை. தட்டில் இருந்ததை அப்படியே மூடி வைத்துவிட்டு, பல்வலி என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகைக்காரர் போன் செய்தார். குரலில் தலைகால் புரியாத சந்தோஷம். “மேடம், அதிசயம் கேளுங்க! அந்தச் சட்டையை வரைஞ்சவர் உயிரோட இருக்கார். எண்பது வயசு. விழாவுக்குக் கூப்பிட்டேன். திட்டுவார்னு பாத்தா, எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கறார்!”

அன்று அவள் ஒரு முடிவு எடுத்தாள். விழாவில் விருது வாசகத்தை அவள்தான் படிக்கவேண்டும் என்று ஏற்கனவே ஏற்பாடு. மைக் கையில் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது. ‘இந்தக் கட்டடத்தை வரைந்தது நான். தவறு என்னுடையது. ஐயா முப்பத்தோரு வருடம் எனக்காகச் சுமந்தார்.’ மூன்றே வாக்கியம். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பதினோராவது தடவை அழுகை வந்தது. அழுததும் பாதிக் கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. அழுகைக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு.

விழா பத்திரிகை அலுவலகத்தின் மேல்மாடிக் கூடத்தில், காலை பத்தரை மணிக்கு. ரப்பர் சார் பத்து மணிக்கே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தடி. மகள் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூட டீச்சர். வந்ததிலிருந்து அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மேடம் வணக்கம் சொன்னாள். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “வாம்மா, நல்லா இருக்கியா? உன் பேரெல்லாம் பேப்பர்ல பாக்கறேன்,” என்றார்.

பத்திரிகைக்காரர் மேடத்தை மேடைக்கு அழைத்தார். மைக் கைக்கு வந்தது. வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. வாயைத் திறந்தாள்.

மூன்றாவது வரிசையில் நூலகக் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். நகரத்துப் புது நூலகத்தை வரைய இரண்டே பேர் மிச்சம். அதில் ஒருத்தி மேடம். அடுத்த வாரம் முடிவு. தலைவர் அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அவள் படித்தாள். “இதை வரைந்தவருக்கு இடது கை எது, வலது கை எது என்று...” கூடம் சிரித்தது. நல்ல குரல் மேடத்துக்கு. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதும் தெரியும்.

பெரியவர் எழுந்து வந்து விருதை வாங்கிக்கொண்டார். பேசுவதற்குத் தயங்கவே இல்லை. “எண்பத்தெட்டு வீடு. முப்பது வருஷமா ஜனங்க குடியிருக்காங்க. ஒரு வீடு ஒழுகினது கிடையாது. பதிமூணாவது மாடிக்காரங்க மட்டும் கொஞ்சம் நனையறாங்க. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.” சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். “வரைஞ்சது இந்தக் கைதான். எந்தக் கைன்னு கேட்டா, இப்போ எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு.”

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. மேடமும் தட்டினாள். மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டு தட்டினாள். பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் அது எட்டாவது மாடி, பூமி ரொம்பக் கீழே இருந்தது.

பிறகு டீ. பெரியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். மகள் பக்கத்தில் டம்ளரோடு நின்றாள்.

“அந்த வரி ரொம்ப ஜோர்மா. யாரு எழுதினது?”

இதோ, இரண்டாவது தடவையாக வாசல் திறந்துவிட்டது. மைக் இல்லை, கூட்டம் இல்லை, நூலகக்காரர் தூரத்தில். ஒரே ஒரு சொல் போதும்.

“மூணு பேரும் சேர்ந்துதான் எழுதினோம் சார்,” என்றாள் மேடம்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “அதானே! இந்தப் பேப்பர்காரர் நீ எழுதினதுன்னு சொல்றார். நான் சண்டைக்கே போயிட்டேன். நேத்து மறுபடி போன் பண்ணினப்போ கத்தினேன். அந்தப் பொண்ணு சத்தியமா அப்படிச் சொல்லியிருக்காதுய்யான்னேன்.” பிறகு மகளைப் பார்த்து, “நான் சொன்னேன்ல?” என்றார்.

மகள் மேடத்தை நிதானமாகப் பார்த்தாள். “நீங்க அப்பா ஆபீஸ்ல இருந்தீங்களா?”

“இருந்தா, இருந்தா,” என்று பெரியவர் குறுக்கே விழுந்தார். “கொஞ்ச நாள். சின்னப் பொண்ணு. பென்சில் சீவறதுதான் வேலை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவர் படுகிற பாடு மேடத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “எங்க அம்மா அந்தத் தெரு வழியா போகவே மாட்டாங்க. பஸ் அந்தப் பக்கம் போச்சுன்னா முன்னாடியே இறங்கி நடப்பாங்க. சாகறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போறப்போகூட, சுத்திப் போகச் சொல்லி டிரைவர்கிட்ட கெஞ்சினாங்க. எனக்கு ஸ்கூல்ல பேரே பொத்தான். அப்பா மட்டும்தான் சிரிச்சுக்கிட்டே இருப்பார்.” டம்ளரை மேசையில் வைத்தாள். “நான் போய் வண்டி வந்துடுச்சான்னு பாக்கறேன்.”

அவள் போனதும் மேடம் ‘சார்’ என்று ஆரம்பித்தாள். அவர் தடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். “இந்தக் கல்லு என்னா கனம்! லிஃப்ட் வரைக்கும் கொஞ்சம் பிடிம்மா,” என்று விருதை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

லிஃப்ட்டில் வேறு நாலு பேர் இருந்தார்கள். அங்கேயும் பேச முடியவில்லை. கல் குளிர்ச்சியாக அவள் வயிற்றில் அழுந்தியது. சொல்லிவிடவேண்டும், கீழே போனதும், யார் இருந்தாலும் சரி, நூலகம் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நிஜமாகவே முடிவு செய்திருந்தாள். அதை மட்டும் நான் அவளுக்காகச் சொல்லியாக வேண்டும்.

வாசல் படியில் கூட்டம் நின்றிருந்தது. ஓவியர், பத்திரிகைக்காரர், நூலகக் குழுத் தலைவர், இன்னும் ஏழெட்டுப் பேர். படிக்குக் கீழே வண்டி. கதவைத் திறந்து பிடித்தபடி மகள். பெரியவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் கல்லைச் சுமந்துகொண்டு மேடம் வருவதை ஓவியர்தான் முதலில் பார்த்தார்.

“என்ன மேடம், விருது உங்க கையில இருக்கு? வரைஞ்சது நீங்களா?”

மேடம் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“ஆமா,” என்றாள். “நான்தான் வரைஞ்சேன். தாளைத் திருப்பிப் போட்டு வரைஞ்சுட்டேன்.”

ஓவியர் தொடையில் ஓங்கித் தட்டினார். நூலகக் குழுத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மேடம்னா மேடம்தான்! முகத்தை எவ்வளவு சீரியஸா வெச்சுக்கிட்டுச் சொல்றாங்க பாருங்க!” பத்திரிகைக்காரர் குறிப்பேட்டை எடுத்தார். “தாளைத் திருப்பிப் போட்டு... பிரமாதம்! இதையும் போட்டுக்கறேன்.”

‘சிரிக்காதீங்க, நிஜம்தான்’ என்று இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அத்தனை முகங்களும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டாள்.

கீழே, வண்டிக்குள் ஒரு காலை வைத்திருந்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய காது மடல்கள் சிவந்து போயின. மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியில் நிற்பவளைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். கதவை விட்டுவிட்டு மெதுவாகப் படியேறி மேடத்தின் முன்னால் வந்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அதைக் குடுங்க,” என்றாள். “அது எங்க அப்பாவோடது.”

மேடம் கொடுத்துவிட்டாள்.